பழைய கார் வாங்குவோர் யாரைக் கேட்க வேண்டும்?

உழவு மாடு வாங்கப் புறப்படும் யாழ்ப்பாணத்து விவசாயி முன்னாளில் தனியே போவதில்லை. மாட்டின் குணமறிந்த முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வான். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். இவ்வளவும் முடிந்த பின்னர் அந்த முதியவர் அமைதியாக ஒரு கேள்வி கேட்பார்: "இதை இவ்வளவு காலமும் ஆர் வைச்சிருந்தது?" விலை பெரும்பாலும் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையிலேயே தீர்மானமாகும்.

இன்று மாட்டின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்துக்கொண்டது. ஆனால், மாடு வாங்குவதில் நம் முன்னோர் காட்டிய நிதானத்தைக் கார் வாங்குவதில் நாம் காட்டுகின்றோமா என்பது ஐயமே. வர்ணம் பளபளக்கின்றதா, குளிரூட்டி வேலை செய்கின்றதா என்று பார்த்துவிட்டு, வாழ்நாட் சேமிப்பை எண்ணிக் கொடுத்துவிடுகின்றோம். பழைய கார் ஒன்றைக் குடும்பத் தேவைக்கு வாங்க எண்ணும் வாசகர்களுக்குப் பயன்படும் வகையில், கார் வைத்திருப்போரின் பட்டறிவிலிருந்து கற்கக்கூடியவற்றை இங்கே தொகுத்துரைக்க முயல்கின்றோம்.

தீவகத்துச் சுருவில் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். நாரந்தனை, கரம்பொன், ஊர்காவற்றுறை ஆகியவற்றை அண்டிய ஊர் அது. அங்கிருந்து யாழ்ப்பாணப் பட்டினம் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தூரம். வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி ஆகியவற்றைக் கடந்து, பண்ணைக் கடல்வழி வீதியில் இருபுறமும் நீர் சூழச் சென்று பட்டினத்தை அடையலாம். நடுநிசியில் ஒரு கர்ப்பிணிக்கு நோவு எடுத்தால், அல்லது வயோதிபர் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், பேருந்தை நம்பியிருக்க முடியுமா? அந்த வேளையில் முற்றத்தில் நிற்கும் கார் ஒரே திருப்பில் இயங்க வேண்டும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை வாசல் வரை நில்லாமல் ஓட வேண்டும். குடும்பக் காருக்கு நாம் வேண்டுகின்ற முதற் குணம் இதுவே. வேகமும் அழகும் பின்னர் வருபவை.

உப்பும் இரும்பும்

தீவகத்திற் கார் வைத்திருப்போர் முதலில் சொல்லும் முறைப்பாடு எஞ்சினைப் பற்றியதன்று, துருவைப் பற்றியது. ஈரமும் காற்றும் சேர்ந்தாலே இரும்பு துருப்பிடிக்கும். அவற்றோடு உப்பும் சேர்ந்துவிட்டால், ஈரம் மின்னோட்டத்தை எளிதிற் கடத்தும் திரவமாக மாறித் துருவை மிக விரைவாகப் பரப்புகின்றது. கடல்வழி வீதிகளில் அலைத்துளி தெறிக்கின்றது. குறிகட்டுவான் துறையில் காரை நிறுத்திவிட்டு நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறுவோரின் வண்டி, அவர்கள் திரும்பி வரும்வரை உப்புக் காற்றிலேயே நிற்கின்றது.

ஆகவே, கொழும்பில் ஓடிய காருக்கும் தீவில் ஓடிய காருக்கும் வயது ஒன்றாயினும் உடல்நிலை ஒன்றாகாது. பார்வைக்குத் தெரியும் இடங்களில் துருவைத் தேடிப் பயனில்லை. கதவுகளுக்குக் கீழேயுள்ள ஓரச் சட்டம், சில்லுகளுக்கு மேலுள்ள வளைவின் உட்புறம், தரை விரிப்பின் அடிப்பாகம், டிக்கியில் மேலதிகச் சில்லு வைக்கும் குழி, பற்றரி அமர்ந்திருக்கும் தட்டு, பிறேக் எண்ணெய் செல்லும் மெல்லிய குழாய்கள் ஆகியவையே பார்க்க வேண்டிய இடங்கள். துருவை மறைக்கப் பட்டி பூசி வர்ணம் அடித்திருந்தால், மெல்லிய காந்தத் துண்டொன்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரும்புத் தகட்டில் ஒட்டும் காந்தம் தடித்த பட்டியின்மேல் ஒட்டாது. பிளாஸ்ரிக்கினாலான பம்பரில் இச் சோதனை செல்லாது என்பதையும் நினைவிற் கொள்க.

தீவகத்துக்கே உரிய இன்னொரு தீங்கு கிணற்று நீர். பல கிணறுகளில் நீர் உவர். அதை றேடியேற்றரில் ஊற்றி ஓட்டிய காரின் உட்குழாய்களில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து, எஞ்சின் சூடேறும் நோய் வந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை அல்லது சிவப்பு நிறக் குளிர்திரவம் தெளிவாக இருந்தால் நன்று. சேற்று நிறத்தில் துருநீர் தெரிந்தால் அந்தக் காரை ஓட்டியவரின் பராமரிப்பு எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஒஸ்ரின் கற்பிக்கும் பாடம்

நம்பகமான கார் என்றவுடன் யாழ்ப்பாணத்தார் நெஞ்சில் எழும் பெயர்கள் ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்பன. 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்த மொறிஸ் மைனர் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. இவ்வண்டிகள் பல தசாப்தங்களாக யாழ்ப்பாண வீதிகளில் வாடகைக் கார்களாக ஓடின. 1990 இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. அந்நாளில் சில துளி பெற்றோலைக் காபுரேற்றரிற் செலுத்தி எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரிபொருளை மிகுதியாக நெருக்காத பழைய எஞ்சினானபடியால் ஒஸ்ரின் அதற்கு ஈடுகொடுத்தது. புதுமை மிகுந்த எஞ்சின்கள் பல இத்தகைய உணவை ஏற்கமாட்டா.

இதைக் கொண்டு, "அந்தக் காலத்துக் கார் போல வருமா?" என்று முடிவு கட்டுவோர் பலர். நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இன்றும் ஓடும் ஒஸ்ரினை நாம் காண்கின்றோம். ஓடாமற் போய் இரும்புக் கடைக்குச் சென்றவற்றைக் காண்பதில்லை. பிழைத்தவை மாத்திரமே சாட்சி சொல்ல வருகின்றன. பிழைத்தவையும் இரும்பின் வலிமையினால் மட்டும் பிழைக்கவில்லை. ஒரு வண்டியின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றுக்குப் பொருத்தியும், கிடைக்காத பாகத்தைக் கடைசற் பட்டறையில் உருவாக்கியும் உழைத்த மெக்கானிக்குகளின் கைவண்ணமே அவற்றைக் காத்தது. தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய தொழிற்சாலை ஒன்றும் 1990 களில் இயங்கியது.

ஆகவே, நம்பகம் என்பது கம்பனியின் பெயர்ப்பலகையில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. காரின் அமைப்பு, ஓட்டியவரின் பழக்கம், பக்கத்தில் உள்ள மெக்கானிக்கின் அறிவு, உதிரிப்பாகம் கிடைக்கும் இலகு ஆகிய நான்கு கால்களில் அது நிற்கின்றது. ஒரு கால் முறிந்தாலும் கட்டில் சாய்ந்துவிடும்.

சொந்தக்காரரை எப்படிக் கேட்பது?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. "உங்கள் கார் நல்லதா?" என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் "திறமான கார்" என்றே சொல்வார்கள். தாம் செய்த தெரிவைத் தாமே குறைகூற எவருக்கும் மனம் வருவதில்லை. விற்க நினைப்பவரோ கேட்கவே வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1936 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் "கன்சியூமர் றிப்போட்ஸ்" என்ற பாவனையாளர் சஞ்சிகை இதற்கு நல்ல வழியொன்றைக் காட்டுகின்றது. அச் சஞ்சிகையினர் கார் வைத்திருக்கும் அங்கத்தவர்களிடம் காரைப் பற்றிய புகழுரையைக் கேட்டு நம்பகத்தை அளப்பதில்லை. கடந்த பன்னிரண்டு மாதங்களில் எந்தெந்தப் பாகத்தில் என்னென்ன கோளாறு ஏற்பட்டது என்று கேட்கின்றார்கள். அபிப்பிராயத்தை விட்டு நிகழ்ச்சியைக் கேட்பதே இதன் நுட்பம்.

நாமும் அவ்வாறே கேட்கலாம். "கடந்த ஓராண்டில் எத்தனை முறை கராஜுக்குக் கொண்டுபோனீர்கள்? எதற்காக? எவ்வளவு செலவு? வழியில் நின்றதுண்டா? பாகம் வாங்க யாழ்ப்பாணத்திலேயே கிடைத்ததா, கொழும்புக்குச் சொல்லி அனுப்பினீர்களா? எத்தனை நாள் காத்திருந்தீர்கள்?" இக் கேள்விகளை ஒரே வகைக் காரை வைத்திருக்கும் ஐந்தாறு பேரிடம் கேளுங்கள். அவர்களுள் வாடகைக்கு ஓட்டுபவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நாம் ஓராண்டில் ஓடும் தூரத்தை அவர் இரண்டொரு மாதத்தில் ஓடிவிடுவார். எந்தப் பாகம் முதலில் தேயும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு குறையை ஒருவர் சொன்னால் அது அவருடைய காரின் குறை. மூவர் சொன்னால் அது அந்த வகைக் காரின் குறை.

இக் கேள்விகளின் அருமையைப் பொருளியல் அறிஞரும் உணர்த்தியுள்ளனர். ஜோர்ஜ் அக்கலொவ் என்பவர் 1970 இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழுதான காரை அமெரிக்கர் "எலுமிச்சம்பழம்" என்பர். காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆதலால் வாங்குபவன் எல்லாக் காருக்கும் ஐயத்தோடு குறைந்த விலையே கேட்பான். நல்ல காரை வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையை விட்டு விலகுவான். ஈற்றில் சந்தையில் எஞ்சுவது எலுமிச்சம்பழமே. இவ்வாராய்ச்சியை முக்கிய காரணமாகக் கொண்டு 2001 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. வேறிருவரும் அதைப் பகிர்ந்துகொண்டனர். எனினும், ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் இந்த இருள் அத்துணை அடர்த்தியானதன்று. காரை வளர்த்தவரையும் அதைத் திருத்திய மெக்கானிக்கையும் ஒரே நாளிற் சந்தித்துவிடலாம். இந்த வாய்ப்பை விட்டுவிட்டு, முன்பின் அறியாத தரகரின் சொல்லை நம்புவது பேதைமையாகும்.

எந்தக் காரைத் தேடலாம்?

இன்று இலங்கையில் பழைய குடும்பக் கார் என்றால் பெரும்பாலும் யப்பான் நாட்டுக் காரே. யப்பானில் புதிய காருக்கு மூன்றாண்டின் பின்பும், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை நடைபெறுகின்றது. அதற்குச் செலவு அதிகமாகையால், நல்ல நிலையிலுள்ள கார்களையும் பலர் விற்றுவிடுகின்றனர். அவர்களும் நம்மைப் போல் வீதியின் இடப்புறம் ஓட்டுவோரானபடியால், அக் கார்கள் நமக்கு இசைவாயின.

1966 இல் அறிமுகமான ரொயோட்டா கொரோலா உலகெங்கும் 5 கோடிக்கு மேல் விற்பனையான கார். 1995 இல் வந்த 110 இலக்க வகை, 2000 இல் வந்த 121 இலக்க வகை, பின்னர் வந்த 141, அக்சியோ ஆகியவை நம்மிடையே பரவலானவை. நிசான் சன்னியில் எப்.பி. 14, எப்.பி. 15 என்பனவும், சற்று வசதியுள்ளோருக்கு 2001 முதல் 2021 வரை யப்பானில் விற்கப்பட்ட ரொயோட்டா அலியன், பிறீமியோ என்பனவும் உள்ளன. இவை பல வீடுகளில் இருப்பதே இவற்றின் பெரும் பலம். ஆயிரம் பேர் வைத்திருக்கும் காருக்குத்தான் கடைக்காரன் பாகம் அடுக்கி வைப்பான். மெக்கானிக்கும் அதில்தான் கை பழகியிருப்பான். எவரிடமும் இல்லாத அபூர்வக் காரை மலிவாக வாங்குவோர், அதன் ஒரு சிறு பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

இவ்வகைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கொரோலா 110 இல் வந்த 1500 சி.சி. எஞ்சினின் உள்ளே சுழலும் காலப்பட்டி இறப்பர்ப் பட்டி. ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். 121 இல் வந்த 1500 சி.சி. எஞ்சினில் அதற்குப் பதில் இரும்புச் சங்கிலி உள்ளது. பட்டியுள்ள காரை வாங்கினால், "எப்போது மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள், பற்றுச்சீட்டு இல்லையேல் மாற்றவில்லை என்றே கொண்டு, அச் செலவையும் விலையிற் கழித்துப் பேசுங்கள்.

ஹைபிறிட் கார்களிடம் இளைஞருக்குப் பெருவிருப்பு. எரிபொருள் சிக்கனம் உண்மையே. ஆயினும் கணக்குப் பார்க்க வேண்டும். சுருவிலிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாதம் பன்னிரண்டு முறை போய்வரும் குடும்பம் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 கிலோமீற்றர் ஓடும். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் சாதாரண காருக்கு 500 லீற்றர் வேண்டும். 18 கிலோமீற்றர் ஓடும் ஹைபிறிட்டுக்கு 333 லீற்றர் போதும். மீதம் 167 லீற்றர். கணக்கின் பொருட்டு லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 ரூபா மிச்சமாகும். இந்த மிச்சத்துக்காக 20 இலட்சம் ரூபா கூடுதலாகக் கொடுத்தால், அதை மீட்க நாற்பது ஆண்டு செல்லும். அதற்குள் அந்தக் காரின் பெரிய பற்றரியையும் மாற்ற வேண்டி வரும். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுவோருக்கு ஹைபிறிட் ஏற்றது. ஊரோடு இருப்போருக்கு நன்கு பேணப்பட்ட சாதாரண காரே போதும்.

பூட்டிய வீட்டுக் கார்

1990 களின் தொடக்கத்தில் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பலர் கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிற் குடியேறினர். ஊரில் வீடு திருத்தி, கோடை விடுமுறைக்கும் கோயில் திருவிழாவுக்கும் வரும்போது ஓடுவதற்கென்று கார் வாங்கி நிறுத்தியிருப்போரும் உளர். இத்தகைய கார் விற்பனைக்கு வந்தால், "பத்து வருடத்தில் இருபதினாயிரம் கிலோமீற்றர்தான் ஓடியது" என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்பவரும் மயங்கிவிடுவார்.

ஓடாத கார் புதிய கார் அன்று. நின்ற இடத்தில் நிற்கும்போது இறப்பர் இறுகி வெடிக்கின்றது, பிறேக் பிடித்துக்கொள்கின்றது, தாங்கியிலுள்ள பெற்றோல் கெட்டுப் பசைபோலாகின்றது, மின்கம்பிகளை எலி கடிக்கின்றது, உப்புக் காற்றோ ஒரு நாளும் விடுமுறை எடுப்பதில்லை. ரயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்தது என்று பொருள். பூ தேயாதிருப்பினும், வயதேறிய ரயரை நம்பிப் பண்ணைக் கடல்வழியில் வேகமாகச் செல்லலாகாது.

தூரங் காட்டும் மானியையும் கண்மூடி நம்ப வேண்டாம். அதைப் பின்னோக்கித் திருப்புவோர் உண்டு. கால் மிதிகளின் இறப்பர், ஸ்ரியறிங் வளையம், சாரதி ஆசனத்தின் ஓரம் ஆகியவை பொய் சொல்லமாட்டா. ஐம்பதினாயிரம் என்று மானி காட்ட, மிதியின் இறப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், இரண்டில் ஒன்று பொய்.

ஓட்டிப் பார்த்தலும் பத்திரம் பார்த்தலும்

காரைப் பார்க்கப் போகும் நாளில், எஞ்சினை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும். புகை நீலமாயின் எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. கறுப்பாயின் பெற்றோல் மிகுதியாகச் செல்கின்றது. எஞ்சின் சூடேறிய பின்பும் வெண்புகை நில்லாது வருமாயின் குளிர்நீர் உள்ளே கசிகின்றது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பாலாடை போன்ற படிவு கெட்டியாக இருப்பதும் அதே ஐயத்தை எழுப்பும். தானியங்கிக் கியராயின், கியரை மாற்றியதும் உடனே பிடிக்கின்றதா, தயங்கித் துள்ளுகின்றதா என்று கவனிக்க. அரை மணி நேரமாவது, குண்டும் குழியுமான ஒழுங்கையிலும் நேர் வீதியிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இயலுமாயின் இரவிலும் ஒருமுறை ஓட்டி விளக்குகளைச் சோதிக்க. விற்பவருக்கு வேண்டாத வேறொரு மெக்கானிக்கிடம் கூலி கொடுத்துக் காட்டுவது வீண் செலவன்று.

கார் நன்றாயிருந்தும் பத்திரத்தினால் இடர்ப்பட்டோர் பலர். வாகனப் பதிவுச் சான்றிதழிலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். நிதிக் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராகப் பதிந்திருந்தால், கடன் தீர்ந்து அப் பெயர் நீங்கும்வரை பணத்தை முழுதாகக் கொடுக்கலாகாது. வெற்றுப் படிவத்திற் கையொப்பமிட்டுக் கைமாறிக் கைமாறி வரும் காரோ மிகவும் ஆபத்தானது. பதிவில் உள்ளவர் வெளிநாட்டிலிருப்பார், அல்லது இறந்திருப்பார். கையொப்பம் ஒவ்வாதபோது யாரைத் தேடுவது? வாங்கியவுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றிக்கொள்வதே இருபாலாருக்கும் பாதுகாப்பு. வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் நடப்பிலுள்ளனவா என்பதையும் பார்க்க.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இடையிட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் விலை பெரிதும் உயர்ந்தது. விலை உயர்ந்த பொருளில் ஏமாற்றும் உயர்வது இயல்பு. ஆதலால் அவசரப்படாதீர்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் காரின் விலையாகக் கொடுத்துவிடாமல், பத்தில் ஒரு பங்கையேனும் முதலாண்டுத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கி வையுங்கள். எண்ணெய், வடிகட்டிகள், பிறேக் கட்டைகள், பற்றரி, ரயர் ஆகியவற்றை வாங்கியவுடன் பார்த்துச் சீர்செய்தால் பின்வரும் ஆண்டுகள் அமைதியாகக் கழியும். வாரம் ஒருமுறை நன்னீரால் காரின் அடிப்பாகத்தைக் கழுவுவது தீவகத்தில் தவறாது செய்ய வேண்டிய கடமை.

இவ்வீட்டு மாணவரொருவர் இக் கட்டுரையைப் படிப்பாராயின், அவருக்கு ஒரு வேலை தருகின்றோம். ஒரு கொப்பியை எடுத்து, காருக்குப் பெற்றோல் அடித்த நாள், ஓடிய தூரம், மாற்றிய பாகம், கொடுத்த கூலி ஆகியவற்றை ஒழுங்காக எழுதி வருக. வீட்டின் எரிபொருட் கணக்கும் விளங்கும். கோளாறு தொடங்கும் நாளும் முன்கூட்டியே தெரியவரும். என்றாவது அந்தக் காரை விற்க நேர்ந்தால், வாங்க வருபவரிடம் அந்தக் கொப்பியை நீட்டலாம். தம்மை ஏமாற்றாத விற்பனையாளரைத் தேடும் நாம், பிறரை ஏமாற்றாத விற்பனையாளராகவும் இருத்தல் வேண்டுமன்றோ?